மண்ணைக் காக்க எச்சரிக்கை மட்டும் போதுமா? மூன்று நாடுகளின் அனுபவம்

ஆண்டுதோறும் டிசம்பர் 5ஆம் தேதி உலக மண் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பன்னாட்டு மண் அறிவியல் ஒன்றியம் 2002ஆம் ஆண்டில் முன்வைத்த இந்த யோசனையை, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2013 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. மண்வள ஆய்வுகளை ஊக்குவித்தவரான தாய்லாந்தின் மறைந்த மன்னர் பூமிபோனின் பிறந்த நாள் என்பதால் இந்தத் தேதி தெரிவு செய்யப்பட்டது. தொடர்ந்து 2015ஆம் ஆண்டு சர்வதேச மண் ஆண்டாக அறிவிக்கப்பட்டது.

இந்த நாளில் பல நாடுகளில் மாணவர் ஊர்வலங்களும், கருத்தரங்குகளும், அமைச்சர்களின் வாழ்த்துச் செய்திகளும் இடம்பெறுகின்றன. உலகின் மண்வளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதி மிதமான அல்லது கடுமையான சீரழிவுக்கு உள்ளாகியிருப்பதாக 2015இல் ஐ.நா. உணவு மற்றும் விவசாய நிறுவனம் வெளியிட்ட கணிப்பு அங்கெல்லாம் சுட்டிக்காட்டப்படுகிறது. ஆனால், இத்தனை ஆண்டுகால எச்சரிக்கைகளுக்குப் பின்னரும் மண் தொடர்ந்து அரிக்கப்பட்டு வருவது ஏன் என்ற கேள்வி அதிகம் எழுப்பப்படுவதில்லை.

விவசாயிக்குத் தன் மண்ணின் அருமை தெரியவில்லை, அதை எடுத்துச் சொன்னால் போதும் என்பதே பெரும்பாலான விழிப்புணர்வு இயக்கங்களின் அடிப்படை நம்பிக்கையாக உள்ளது. கடந்த 90 ஆண்டுகளில் அமெரிக்கா, கென்யா, இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மூன்று இடங்களிலும் மண் பற்றிய எச்சரிக்கையில் உண்மை இருந்தது. அந்த எச்சரிக்கை எந்த வழியில் விவசாயியிடம் போய்ச் சேர்ந்தது, அதன்படி நடப்பதற்கான செலவை யார் ஏற்றார்கள் என்பதில்தான் விளைவுகள் வேறுபட்டன.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

மண் என்பது பொடியாகிப் போன பாறை மட்டுமல்ல. வளமான விளைநிலத்து மண்ணின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதிதான் திடப்பொருள். எஞ்சிய பாதி, காற்றும் நீரும் தங்கும் நுண்ணிய இடைவெளிகள். திடப்பொருளிலும் மிகச் சிறு பங்காக இருப்பது, இலை, வேர், சாணம் போன்றவை மக்கி உருவாகும் கரிமப் பொருள். அளவில் சிறிதாயினும், மண் துகள்களைப் பிணைத்து உதிரி உதிரியான கட்டிகளாக வைத்திருப்பதும், மழைநீரை உறிஞ்சிச் சேமிப்பதும், பயிருக்கான சத்துகளைப் பிடித்து வைத்திருப்பதும் பெருமளவில் இந்தக் கரிமப் பொருளாலும் அதை உண்டு வாழும் நுண்ணுயிர்களாலும் மண்புழுக்களாலும்தான் சாத்தியமாகின்றன.

மனிதர் உண்ணும் உணவில் 95 சதவீதம் நேரடியாகவோ மறைமுகமாகவோ மண்ணிலிருந்து கிடைப்பதாக உணவு மற்றும் விவசாய நிறுவனம் கூறுகிறது. இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் மண் உருவாவதற்கு ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்றும் அது தெரிவிக்கிறது. மனித வாழ்நாளைக் கொண்டு கணக்கிட்டால், இழந்த மேல்மண் திரும்பக் கிடைப்பதில்லை என்றே சொல்ல வேண்டும்.

வெறுமையாகக் கிடக்கும் நிலத்தின் மீது மழைத்துளி விழும்போது, அதன் வேகம் மண் கட்டிகளை உடைக்கிறது. உடைந்த நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. உள்ளே இறங்க வழியில்லாத நீர், நிலத்தின் மேல் மெல்லிய விரிப்பைப் போலப் பரவி ஓடும்போது மேல்மண்ணையும் சுமந்து செல்கிறது. மிக நுண்ணியதும் மிக வளமானதுமான பகுதியே முதலில் வெளியேறுகிறது. வறண்ட நிலத்தில் இதே வேலையைக் காற்று செய்கிறது.

ஓடையாக வெட்டுண்ட நிலத்தை யாரும் பார்த்துவிடலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற அளவில் நிலம் முழுவதும் சீராகக் குறைந்துவரும்போது, உழுபவரின் கண்ணுக்கே அது தட்டுப்படுவதில்லை. விளைச்சல் சற்றுக் குறைந்தால் உரத்தைச் சற்றுக் கூட்டி அந்த இழப்பை மறைத்துவிடவும் முடிகிறது. மண் பாதுகாப்புக்கு விழிப்புணர்வு தேவைப்படுவதும், அதை உருவாக்குவது கடினமாக இருப்பதும் ஒரே காரணத்தால்தான்.

தீராத செல்வம் என்ற நம்பிக்கை

மண் தீர்ந்துபோகக்கூடியது என்பதை அரசாங்கங்களே ஒரு காலத்தில் நம்பவில்லை. அமெரிக்க விவசாயத் துறையின் மண் ஆய்வுப் பிரிவு 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆவணம் ஒன்று, நாட்டின் செல்வங்களில் அழிக்க முடியாததும் தீர்ந்துபோகாததும் மண் ஒன்றே என்று அறிவித்தது. அன்றைய அமெரிக்காவில் மேற்கு நோக்கிச் சென்றால் எப்போதும் புதிய நிலம் கிடைக்கும் என்ற எண்ணம் வேரூன்றியிருந்தது.

அதே பிரிவில் பணியாற்றியவர் ஹியூ ஹேமண்ட் பென்னட். வட கரோலைனாவின் பருத்தி விளையும் மாவட்டம் ஒன்றில் 1881இல் பிறந்த இவர், 1905இல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்தில் மண் ஆய்வுக்குச் சென்றபோது, அருகருகே இருந்த இரண்டு நிலப்பகுதிகளைக் கண்டார். காடாகவே விடப்பட்டிருந்த நிலத்தின் மண் கருமையாகவும் பொலபொலப்பாகவும் இருந்தது. நீண்டகாலம் பயிரிடப்பட்ட நிலமோ கெட்டியான களிமண்ணாகக் கிடந்தது. இரண்டும் ஒரே வகை மண்தான் என்றும், பின்னதன் மேலடுக்கு முழுவதும் மழையில் போய்விட்டது என்றும் அவர் முடிவுக்கு வந்தார்.

இந்த முடிவைப் பொதுமக்கள் முன் வைக்க அவருக்கு 20 ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. மண்ணரிப்பு ஒரு தேசிய ஆபத்து என்று எச்சரிக்கும் அரசு வெளியீடு ஒன்றை 1928இல் மற்றொருவருடன் இணைந்து அவர் எழுதினார். மறு ஆண்டு, மண்ணரிப்பு ஆய்வு நிலையங்கள் அமைப்பதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் 1,60,000 டாலர் ஒதுக்கியது. அந்த நாட்டின் பரப்பளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய தொகை அது.

இதற்கிடையே கான்சாஸ், கொலராடோ, ஓக்லஹோமா, டெக்சாஸ், நியூ மெக்சிகோ ஆகிய மாநிலங்கள் சந்திக்கும் சமவெளியில் புல்வெளிகள் வேகமாக உழப்பட்டு வந்தன. முதல் உலகப்போரின்போது ரஷ்யக் கோதுமை ஐரோப்பியச் சந்தைக்கு வருவது தடைப்பட்டதால் விலை உயர்ந்தது. டிராக்டர்களும், மண்ணைப் பொடியாக்கும் வட்டத்தட்டுக் கலப்பைகளும் பரவலாயின. நகரங்களில் வசித்துக்கொண்டு, விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வந்துபோன முதலீட்டாளர்களும் பெருகினர். 1930களின் தொடக்கத்தில் விலை வீழ்ந்தபோது அவர்களில் பலர் நிலத்தை அப்படியே விட்டுச் சென்றனர். வறட்சி தொடங்கியபோது மண்ணைப் பிடித்து வைக்கப் புல்லும் இல்லை, பயிரும் இல்லை.

தலைநகரை எட்டிய புழுதி

1934 மே மாதம் சமவெளியிலிருந்து எழுந்த புழுதி சிக்காகோ, நியூயார்க், வாஷிங்டன் நகரங்களின் வானத்தை மறைத்ததோடு, அட்லாண்டிக் கடலில் சென்ற கப்பல்களின் மேல்தளங்களிலும் படிந்தது. தொலைதூர விவசாயிகளின் துயரமாக இருந்துவந்த ஒன்று முதன்முறையாக நகரவாசிகளின் மூச்சில் கலந்தது.

1935 வசந்த காலத்தில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் பென்னட் சாட்சியமளித்தார். மேற்கிலிருந்து மற்றொரு புழுதிப் புயல் வாஷிங்டனை நோக்கி வருவதை முன்கூட்டியே அறிந்திருந்த அவர், அது வந்து சேரும் வரை தமது உரையை நீட்டினார் என்றும், உறுப்பினர்கள் சன்னல் வழியே இருண்ட வானத்தைப் பார்த்தனர் என்றும் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். கறுப்பு ஞாயிறு என்று பின்னர் அழைக்கப்பட்ட மிகக் கடுமையான புயல் ஏப்ரல் 14ஆம் தேதி வீசியது. ஏப்ரல் 27ஆம் தேதி மண் பாதுகாப்புச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். பென்னட்டின் தலைமையில் மண் பாதுகாப்புச் சேவை என்ற நிரந்தர அமைப்பு உருவானது.

விழிப்புணர்வு வென்ற கதையாக இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் சட்டம் நிறைவேறிய நாளில் சமவெளியில் ஒரு பிடி மண்கூடக் காப்பாற்றப்பட்டிருக்கவில்லை. நகரவாசிகளையும் நாடாளுமன்றத்தையும் விழிக்கச் செய்தது புழுதி. நிலத்தில் மாற்றத்தைக் கொண்டுவந்தது அதற்குப் பின் நடந்த, அதிகம் பேசப்படாத நிர்வாக வேலை.

வேலிக்கு அப்பாலும் பறக்கும் மண்

சமவெளி விவசாயிகள் தங்கள் மண் பறப்பதை அறியாதவர்கள் அல்லர். அவர்களின் வீட்டுக் கதவிடுக்குகளில் ஈரத்துணி செருகப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் பலர் தடுப்பு நடவடிக்கைகளை மேற்கொள்ளாததற்கான காரணத்தை, பொருளியல் அறிஞர்களான ஜெய்னப் ஹேன்சன், கேரி லைப்காப் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. அங்கு பெரும்பாலான பண்ணைகள் சிறியவை. ஒரு விவசாயி தன் நிலத்தின் ஒரு பகுதியைப் பயிரிடாமல் தடுப்புப் பட்டையாக விட்டால், அதனால் ஏற்படும் வருமான இழப்பு அவருடையது. கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதியோ காற்று வீசும் திசையில் இருக்கும் அண்டை வீட்டாருடையது. அண்டை நிலத்துக்காரர் எதுவும் செய்யாவிட்டால், இவருடைய முயற்சியும் புழுதியில் மூடப்பட்டுவிடும்.

தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் நியாயமாகத் தோன்றும் முடிவுகள் சேர்ந்து அனைவரையும் அழிக்கும் இந்த நிலையை அறிவுரையால் மாற்ற முடியாது. அனைவரும் சேர்ந்து முடிவெடுப்பதற்கு ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. 1937 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பிவைத்தார். அதன்படி, ஒரு பகுதியின் நிலவுடைமையாளர்கள் வாக்களித்து மண் பாதுகாப்பு வட்டம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களைக் கொண்டே அதை நிர்வகிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் முதல் வட்டம் பென்னட்டின் சொந்த ஊர்ப் பகுதியில் உருவானது. இன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 வட்டங்கள் இயங்குகின்றன.

இதோடு வேறு இரண்டு அம்சங்களும் சேர்ந்தன. ஒன்று, கண்ணால் பார்க்கக்கூடிய முன்மாதிரி. விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கில் 1933இலேயே, ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு, சரிவுக்குக் குறுக்கே உழுதல், புல்லையும் தானியத்தையும் மாறி மாறிப் பட்டைகளாகப் பயிரிடுதல் போன்ற முறைகள் செயல்படுத்தப்பட்டன. வேலைக்கான ஆட்களை, வேலையற்ற இளைஞர்களுக்காக அமைக்கப்பட்ட அரசுப் படை வழங்கியது. அடுத்த பள்ளத்தாக்கின் விவசாயி அங்கு வந்து விளைச்சலை நேரில் பார்க்க முடிந்தது.

மற்றொன்று, பணம். மண்ணை உறிஞ்சும் பயிர்களைக் குறைத்து, மண்ணைக் காக்கும் பயிர்களை வளர்ப்போருக்கு அரசு ஈட்டுத்தொகை வழங்க 1936ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. 1934 முதல் 1942 வரை சமவெளி மாநிலங்களில் காற்றைத் தடுக்கும் வரிசைகளாக ஏறத்தாழ 22 கோடி மரங்களும் நடப்பட்டன.

1939இல் மழை திரும்பியதும் நிலைமை சீரடைய முக்கிய காரணம் என்பதை மறுக்க முடியாது. அரசு உதவிகள் பெருமளவில் நிலவுடைமையாளர்களுக்கே சென்றன, குத்தகை விவசாயிகள் கைவிடப்பட்டனர் என்ற விமர்சனமும் நியாயமானது. ஆயினும், மண் பாதுகாப்பை விவசாயிகள் தாங்களே நடத்தும் அமைப்பாக மாற்றியது அந்தக் காலகட்டத்தின் நிலைத்த சாதனை என்று கூறலாம்.

கென்யா: கட்டளையாக வந்த பாதுகாப்பு

அமெரிக்காவின் புழுதிப் புயல்கள் பற்றிய செய்திகள் பிரிட்டிஷ் ஆட்சியாளர்களைத் தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளின் மண்ணைப் பற்றிக் கவலைப்பட வைத்தன. கென்யாவில் மண்ணரிப்பு உண்மையாகவே கடுமையாக இருந்தது. ஆனால் அதற்கான காரணத்தை விளக்குவதில் ஆட்சியாளர்களும் மக்களும் முரண்பட்டனர்.

ஆப்பிரிக்கர்கள் அளவுக்கு மேல் கால்நடை வளர்ப்பதும், முறையற்று உழுவதும்தான் காரணம் என்றது நிர்வாகம். நல்ல மேட்டுநிலங்களை வெள்ளையர்களுக்கு ஒதுக்கிவிட்டு, எங்களைக் குறுகிய பகுதிகளுக்குள் நெருக்கி வைத்ததே காரணம் என்றனர் மக்கள். மச்சாக்கோஸ் மாவட்டத்தில் 1938இல் காம்பா இன மக்களின் கால்நடைகள் கட்டாயமாக விற்கப்பட்டபோது, முயிந்தி எம்பிங்கு என்பவரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நைரோபிக்குச் சென்று ஆளுநரைச் சந்திக்கக் காத்திருந்தனர். எம்பிங்கு நாடுகடத்தப்பட்டாலும், கட்டாய விற்பனையை நிர்வாகம் கைவிட வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், கிக்குயு மக்கள் வாழும் முராங்கா பகுதியில் சரிவு நிலங்களைப் படித்தளங்களாக வெட்டும் வேலை கூலியில்லாத கட்டாய உழைப்பாகச் சுமத்தப்பட்டது. ஆண்கள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றிருந்ததால் பாரம் பெண்கள் மீதே விழுந்தது. 1947இல் மக்கள் இந்த வேலையைப் புறக்கணித்தனர். 1948இல் பெண்கள் வெளிப்படையாகக் கிளர்ந்தெழுந்தனர். 1952இல் அவசரநிலைக்கு இட்டுச்சென்ற மாவ் மாவ் எழுச்சியின் பின்னணியில் இருந்த நிலப் பிரச்சினையில் இந்தக் கசப்பும் சேர்ந்திருந்தது.

படித்தளம் என்ற தொழில்நுட்பத்தில் பிழை இல்லை என்பதற்கு மச்சாக்கோஸ் மாவட்டமே சான்று. 1930களில் அங்கு மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். 1989இல் அது சுமார் 14 லட்சம். மக்கள் பெருகினால் மண் மேலும் அழியும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அங்கு மண்ணரிப்பு குறைந்து விளைச்சல் கூடியிருந்ததை மேரி டிஃபன், மைக்கேல் மார்ட்டிமோர், பிரான்சிஸ் கிச்சூக்கி ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு நூல் எடுத்துக்காட்டியது.

சுவாகிலி மொழியில் 'ஃபான்யா ஜூ' எனப்படும் முறையில், சரிவுக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி, அந்த மண்ணை மேட்டுப்பக்கம் எறிந்து கரை அமைப்பார்கள். காலப்போக்கில் கரைக்குப் பின்னால் மண் சேர்ந்து சமதளமாகும். ஒரு தலைமுறைக்கு முன் கட்டளைக்குப் பணிய மறுத்த மக்கள், பின்னர் தங்களின் மரபான கூட்டுழைப்புக் குழுக்கள் மூலம் இதைத் தாங்களே செய்தனர். நிலத்தின் மீது உரிமை உறுதியானது, காப்பி, காய்கறி, பழங்களுக்கு நைரோபி போன்ற சந்தை அருகில் இருந்தது, நகரத்தில் உழைத்த குடும்பத்தினர் பணம் அனுப்பியது ஆகியவை இதற்கான காரணங்கள். சந்தை இல்லாத தொலைதூரப் பகுதிகளில் இதே வெற்றி கிடைக்கவில்லை என்று சில ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். அதுவும் இதே பாடத்தையே சொல்கிறது.

இலங்கை: மலைச்சரிவும் திடீர்த் தடையும்

தமிழர்களுக்கு நெருக்கமான அனுபவம் இலங்கையின் மலையகத்தினுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு காடுகள் அழிக்கப்பட்டுக் காப்பியும், இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலையும் பயிரிடப்பட்டன. உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். தேயிலைச் செடிகளுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி எடுப்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளமாக நீண்டகாலம் கருதப்பட்டது. கன மழை பெய்யும் செங்குத்தான சரிவில் நிலத்தை இப்படி வெறுமையாக்கினால் மண் நிற்காது. உயர்மலைத் தேயிலை நிலங்கள் ஒரு நூற்றாண்டில் சராசரியாக 30 சென்டிமீட்டர் அளவுக்கு மேல்மண்ணை இழந்திருப்பதாக 1980களில் மதிப்பிடப்பட்டது.

தொழிலாளர்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல. 'கான் வெட்டு' என்று தோட்டங்களில் அழைக்கப்படும் வடிகால் வெட்டும் வேலையைச் செய்து, கானில் சேர்ந்த மண்ணை அள்ளியவர்கள் அவர்கள்தான். ஆனால் நிலத்தை எப்படிப் பராமரிப்பது என்ற முடிவில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. நாடு 1951இலேயே மண் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஆயினும் சரிவுகளில் மண்ணிழப்பு நிற்கவில்லை.

மண் பற்றிய அக்கறை 2021இல் முற்றிலும் வேறு வடிவத்தில் வந்தது. பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு, அதாவது இயற்கை உரங்களைக் கொண்ட விவசாயத்துக்கு மாறுவது என்று 2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கூறியிருந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி ஆகியவற்றின் இறக்குமதிக்கு ஒரேயடியாகத் தடை விதித்தார். மக்களின் உடல்நலமும் மண்வளமும் காரணமாகக் கூறப்பட்டன. நாட்டில் ஏற்பட்டிருந்த கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியே உண்மையான காரணம் என்று விமர்சகர்கள் கருதினர்.

அதே ஆண்டு வெரிட்டே ரிசர்ச் என்ற கொழும்பு ஆய்வு நிறுவனம் விவசாயிகளிடம் நடத்திய கருத்துக்கணிப்பின் முடிவு கவனத்துக்குரியது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாயிகள் இயற்கை உரங்களுக்கு மாறும் நோக்கத்தைக் கொள்கையளவில் ஆதரித்தனர். ஆனால் அவர்களில் பெரும்பான்மையோர் அதற்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றனர். மாற்று உரங்கள் பற்றிப் போதிய அறிவு தங்களுக்கு இருப்பதாகக் கூறியவர்கள் மிகச் சிலரே. வேறு சொற்களில் கூறினால், இலங்கை விவசாயியிடம் விழிப்புணர்வு இருந்தது. மாற்று உரமும், கால அவகாசமும், ஆலோசனை சொல்ல ஆளும்தான் இல்லை.

2021 நவம்பரில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டபோது காலம் கடந்திருந்தது. 2021-22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. தேயிலைக் கொழுந்தும் குறைந்தது. நாளாந்தம் பறிக்கும் கொழுந்தின் எடையோடு கூலி பிணைக்கப்பட்டுள்ள தோட்டத் தொழிலாளருக்கு, செடியில் கொழுந்து குறைவது நேரடியாகச் சம்பளம் குறைவதாகும். பொருளாதார நெருக்கடி முற்றி, 2022 ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகினார். மண்வளம் என்ற சொல்லையே விவசாயிகள் ஐயத்துடன் பார்க்கும் நிலையை அந்தத் தடை உருவாக்கியது அதன் நீண்டகாலப் பாதிப்புகளில் ஒன்று.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகத்தின் பல மாவட்டங்களில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பெரும் உயிர்ச்சேதம் நிகழ்ந்தது. வரலாறு காணாத மழையே அதற்கு முதன்மைக் காரணம். ஆயினும் செங்குத்துச் சரிவுகளில் யார் குடியமர்த்தப்பட்டார்கள், அந்தச் சரிவுகள் எவ்வாறு பராமரிக்கப்பட்டன என்ற கேள்விகளை அந்த அனர்த்தம் மீண்டும் எழுப்பியிருக்கிறது.

விலை சொல்லும் செய்தி

அமைப்புகளும் உரிமையும் இருந்தாலும், சந்தை எதிர்த்திசையில் இழுத்தால் மண் பாதுகாப்பு தளர்ந்துவிடும் என்பதற்கு அமெரிக்காவே மீண்டும் உதாரணம். 1972இல் சோவியத் ஒன்றியம் பெருமளவில் தானியம் வாங்கியதைத் தொடர்ந்து விலை உயர்ந்தது. வேலியிலிருந்து வேலி வரை பயிரிடுமாறு அன்றைய விவசாய அமைச்சர் ஏர்ல் பட்ஸ் விவசாயிகளை ஊக்குவித்தார். 1930களில் நடப்பட்ட மரவரிசைகள் பல இடங்களில் வெட்டப்பட்டன.

1985ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. எளிதில் அரிக்கப்படும் நிலத்தைப் பயிரிடாமல் விடுவோருக்கு வாடகை போன்ற ஒரு தொகை வழங்கப்பட்டது. அத்தகைய நிலத்தில் பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடிக்காதவர்கள் அரசு மானியங்களை இழக்க நேர்ந்தது. 1982க்கும் 2007க்கும் இடையே அமெரிக்க விளைநிலங்களின் மண்ணரிப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பு காட்டுகிறது.

இந்தியாவில் மண் பரிசோதனை முடிவுகளை விவசாயிகளுக்குத் தெரிவிக்கும் மண்வள அட்டைத் திட்டத்தை 2015 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கியது. கோடிக்கணக்கான அட்டைகள் வழங்கப்பட்டுள்ளன. தழைச்சத்து தரும் யூரியாவைக் குறைத்து, பிற சத்துகளைச் சமநிலையில் இடுமாறு அட்டை பரிந்துரைக்கலாம். ஆனால் அரசு மானியத்தால் யூரியாவின் விலை மற்ற உரங்களை விட மிகக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. அரசு ஒரு கையால் தரும் அறிவுரையும் மறு கையால் தரும் மானியமும் முரண்படும்போது, விவசாயி எதன்படி நடப்பார் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஐரோப்பிய ஒன்றியம் காற்றுக்கும் நீருக்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சட்டம் இயற்றியது. மண்ணுக்கான சட்டம் 2006இல் முன்மொழியப்பட்டு, சில உறுப்பு நாடுகளின் எதிர்ப்பால் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. மண் கண்காணிப்புச் சட்டத்துக்கு 2025 அக்டோபரில்தான் ஐரோப்பிய நாடாளுமன்றம் இறுதி ஒப்புதல் அளித்தது. மண்ணின் நிலையை அளந்து அறிவிக்கும் கடமையை அது நாடுகளின் மீது சுமத்துகிறது. நிலவுடைமையாளர்கள் மீது புதிய கட்டாயம் எதையும் அது விதிக்கவில்லை. அளப்பது தொடக்கம்தான் என்று சுற்றுச்சூழல் அமைப்புகளும், அளவோடு நிற்க வேண்டும் என்று விவசாய அமைப்புகளும் வாதிடுகின்றன.

கேட்கப்பட வேண்டியவை

இந்த அனுபவங்கள் விழிப்புணர்வு தேவையில்லை என்று காட்டவில்லை. 1934இன் புழுதி நகரங்களை எட்டியிராவிட்டால், அமெரிக்க நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியிருக்குமா என்பது ஐயமே. வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் இன்று நகரங்களில் வாழ்கின்றனர். மண்ணைக் காக்கும் செலவில் பொதுப்பணம் பங்கேற்க வேண்டுமானால், அதற்கு அவர்களின் ஒப்புதல் வேண்டும். விழிப்புணர்வு முதலில் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.

நிலத்தில் உழைப்பவரிடம் செல்லும்போது கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த நிலத்தில் அவருக்கு உறுதியான உரிமை இருக்கிறதா? மாறும் காலத்தில் ஏற்படும் விளைச்சல் இழப்பை யார் ஈடு செய்வார்கள்? அண்டை நிலத்துக்காரரும் சேர்ந்து முடிவெடுக்க ஓர் அமைப்பு உண்டா? சந்தையும் மானியமும் அறிவுரைக்குத் துணை நிற்கின்றனவா? மச்சாக்கோஸ் விவசாயிகளுக்கு இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சாதகமான விடை கிடைத்தபோது, யாரும் கட்டளையிடாமலேயே படித்தளங்கள் எழுந்தன. 2021இல் இலங்கை விவசாயிக்கு ஒன்றுக்குமே விடை கிடைக்கவில்லை.

இலண்டனிலோ டொராண்டோவிலோ இலங்கைத் தேயிலையின் பொதியை வாங்கும் ஒருவர் தரும் விலையில், அந்தச் சரிவில் கான் வெட்டிப் பராமரிப்பதற்கான செலவு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது பொதியில் அச்சிடப்படுவதில்லை. உலக மண் தினச் செய்திகளிலும் அது இடம்பெறுவதில்லை. மண்ணைப் பற்றிய அடுத்த கட்டப் பொது விவாதம் அந்தக் கணக்கிலிருந்து தொடங்குமானால், விவசாயிகள் அதில் கேட்பவர்களாக மட்டுமன்றிப் பேசுபவர்களாகவும் இடம்பெற வாய்ப்பு உண்டு.